பாயிண்ட் எடுத்தவர் சொல்லும் சாரி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் போகாமல் நின்றுவிட்டது. சாரி. தண்ணீர் வேண்டுமானாலும் சாரி, ஃபேனை நிறுத்து என்றாலும் சாரி, பாத்ரூம் போக வேண்டுமானாலும் சாரி. காலையில் கண் விழித்து என்னைப் பார்த்ததும் முதலில் சொல்வது அதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட சாரி கேட்காத மனிதர் அவர். எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுகிறார் போல என்று ஆஸ்பத்திரியில் நானே ஒருநாள் சொல்லிச் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது, ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்குத் தி.நகரில் சந்துக்குள் ஒரு மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குப் பொருத்தமான பிளவுஸ் துணியை எடுத்துத் தருகிற கடை. கடையில் வேலை பார்க்கும் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இவர் அவளைப் பார்த்து "சாரி, சாரி" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள், மேட்சிங்குக்காகக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்த புடவைகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணாச்சி சாரி கேட்டாங்கல்ல, எந்த சாரின்னு தெரியல, அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன்" என்றாள். கட்டில் மேல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். அவர் ராமர் பச்சையைப் பார்த்து சாரி என்றார், அரக்கைப் பார்த்து சாரி என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தென்காசியிலிருந்து வந்த அவருடைய அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அவன் அப்படி என்னட்டி தப்பு செஞ்சான், இந்தப் பாடு கெஞ்சுதானே உன்கிட்ட" என்று என்னை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டார். என்மேல் சந்தேகம்கூட வந்திருக்கும். ஒரு தப்பும் இல்லை மதினி, அது டேபிள் டென்னிஸ் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அந்தச் சமயத்தில் யாரிடமும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ரிக்ரியேஷன் கிளப் ஒன்று உண்டு. கிளப் என்றால் ஒரு டேபிள், இரண்டு டியூப் லைட், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. இவர் காலையில் கடை திறக்கப் போவதற்கு முன்னால் அங்கே ஆடுவார். நான் வாக்கிங் முடித்துவிட்டு வழியில் ஏறி அந்த பெஞ்சில் உட்கார்வேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பந்து அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும், தொப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஓடுவார்கள், பந்து சாகவே சாகாது. பெஞ்சில் இருப்பவர்கள் ஆடுகிறவர்களைவிட அதிகமாகக் கத்துவார்கள். கீழே மண்டபத்தில் முகூர்த்தம் இருக்கும் நாளில் நாதஸ்வரத்துக்கு மேலே இவர்கள் சத்தம் கேட்கும்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம். அடித்த பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு எதிர்ப்பக்கம் தொப்பென்று விழுந்துவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. அடித்தவருக்குப் பாயிண்ட். ஆனால் அவர் உடனே கையைத் தூக்கி சாரி சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் பரவாயில்லை என்பார். டேபிளின் ஓரத்தில் உரசிப் போனாலும் அப்படித்தான். நான் ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், "சாரி சொல்றீங்கள்ல, அப்ப அந்தப் பாயிண்டத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"இந்தா, உனக்கு வெளயாட்டே புரியல" என்றார். "அது நான் நெனச்சு அடிச்சது இல்ல. தானா விழுந்துச்சு. ஆனா பாயிண்ட் எனக்குத்தான். இது என் சாமர்த்தியம் இல்லன்னு எனக்குத் தெரியும்ப்பான்னு அவன்கிட்ட ஒத்துக்கறோம் பாரு, அதுக்குத்தான் சாரி. திருப்பிக் குடுக்கறதுக்கு இல்ல."

என்னை அவர் கூப்பிடுவது 'இந்தா' என்றுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் பயங்கரக் கோபம் உண்டு. நாலு பேர் நடுவில் கடையில் "இந்தா, அந்த மாம்பழ மஞ்சளை எடு" என்பார், எனக்கு என்ன பேரே வைக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன்.

கிளப்பில் ஆடுவதோடு அவருக்குப் போதாது. ஊரில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் போட்டி என்றால் டிக்கெட் வாங்கி என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அங்கே எனக்கு ஒன்றுமே தெரியாது. கிளப் ஆட்டத்தைப் பார்த்தால் நானே இறங்கி ஆடலாம் போலிருக்கும். அங்கே ஒருவன் பந்தை வீசுவான், அடுத்தவன் தொடுவான், ஏதோ ஒரு மின்னல், அவ்வளவுதான், எல்லாரும் கை தட்டுவார்கள். சில சமயம் ரொம்ப மெதுவாக வந்த பந்தை ஒருவன் அசட்டுத்தனமாக வலையில் அடிப்பான். இதைக்கூட எடுக்க மாட்டானா, எங்கள் கிளப் ஆட்களே எடுப்பார்களே என்பேன்.

"அது கட்டு, இங்கிலீஷ் 'கட்'. பந்து உள்ளுக்குள்ள பின்பக்கமா சுத்திக்கிட்டு வருது. பாக்கறதுக்கு சாதுவா இருக்கும். பேட்டுல பட்டுதுன்னா பொத்துன்னு விழும்" என்று காதுக்குள் சொல்வார். பந்து எப்படிச் சுழல்கிறது என்பதுதான் ஆட்டமே, அது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது, கிளப்பில் யாருக்கும் அவ்வளவு சுழற்றத் தெரியாததால்தான் அங்கே பந்து போய்ப் போய் வருகிறது என்பார். ஆட்டம் முடியும்வரை வாய் மூடாது. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு அங்கே ஏதோ நடப்பதாகவே தெரியும். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

மனிதர்களையும் இப்படித்தான் தரம் பிரிப்பார். நேருக்கு நேர் திட்டுகிறவர்கள், சுழலாமல் நேரே வரும் பந்து மாதிரி, 'பிளாட்டு'. பேச்சு எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியாதபடி பேசும் என் தம்பி 'சைடு'. சிரித்துக்கொண்டே தேன் ஒழுகப் பேசிக் கடைசியில் கழுத்தை அறுக்கிற எங்கள் கடைக் கட்டடத்து ஓனர் 'கட்டு'. அவர் வந்து உட்கார்ந்து குசலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே இவர் என்னைப் பார்த்து மெல்ல "கட்டு" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் துணி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று காலை நான் கிளப்புக்குப் போகவில்லை. எதிரே ஆடிக்கொண்டிருந்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். இவரை மாமா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார், மற்றபடி சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"பந்து நெட்ல பட்டு என் பக்கம் வுயுந்துச்சிக்கா. மாமா சாரின்னாரு. நானும் பரவால்ல மாமான்னேன். திரும்ப சாரின்னாரு. பரவால்ல, சர்வீஸ் போடு மாமான்றேன், இன்னொரு தபா சாரின்றாரு. இன்னா மாமா வெளாட்டு காட்டுறன்னு சிரிச்சிகினு நிக்கிறேன்க்கா நானு. அப்புறம் பாத்தா பேட்டு கீய வுயுந்து கீது. அப்டியே டேபிள்மேல சாஞ்சிட்டாரு."

அவர் கடைசியாகச் சொன்ன சொல் அவருக்குள் அப்படியே சிக்கிக்கொண்டது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறியது. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது. எழுதியாவது காட்டுவார் என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தேன், வெறும் கோடுதான் வந்தது. எழுத்தும் பேச்சும் ஒரே இடத்தில்தான் இருக்கிறதாம், இரண்டும் சேர்ந்து போகுமாம்.

அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவிடம் வாராவாரம் போனோம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். வாழைப்பழம், நாற்காலி, குடை. இவர் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், உதடு கோணும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சாரி. குடைக்கும் சாரி. பழக்கத்தில் தானாக வருகிற வார்த்தைகள் மூளையில் வேறு இடத்தில் இருக்கும், அது பேச்சு இல்லை என்றார் அந்த அம்மா. முதல் சில மாதங்களில் வருவதுதான் வரும், அதற்குப் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது. தாளைக் கிழிக்காமல் விட்டேன். அதனால் மட்டும் நாள் நின்றுவிடுமா.

ஒரு சொல் போதும் என்று வேண்டிக்கொண்டேன். 'இந்தா' என்ற அந்த ஒரு சொல். காலையில் எழுந்து "இந்தா" என்று கூப்பிட்டால் போதும், ஆயுசுக்கும் பேரே வேண்டாம். வேண்டினால் பலிக்கும் என்று யாராவது சொன்ன கோயிலுக்கெல்லாம் போனேன். நாக்கில் தேன் தடவினேன். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தேன், அவர் துப்பினார், நான் திட்டினேன், அவர் சாரி என்றார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாயில் துண்டை வைத்துக்கொண்டு கத்தினேன். இந்த வீட்டில் இனி நான் மட்டும்தான் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். பேசினால் பதில் வராத வீட்டில் எத்தனை நாள் பேசுவது? ஒருநாள் பேசாமலேயே இருந்து பார்த்தேன். சாயங்காலம் அவரே பயந்துபோய் சாரி சாரி என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் வந்து, பெரிய ஆட்டக்காரர்கள் மோதும் லீக் ஆட்டம் நடக்கிறது, டிக்கெட் வைத்திருக்கிறேன் என்றார். "மாமா வாய் மூடாம பேசுற எடம் அதாங்க்கா. அங்க இட்டுகினு போலாம். வந்தா வருது, வரலன்னா இன்னா போச்சி?" என்றார். எனக்கு அது கடவுளே வந்து சொன்ன மாதிரி இருந்தது. வேறு வழியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போகும்போதே ஆட்டோவில் நான் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். அவருக்கு ஒரு விஷயம் மட்டும் பொறுக்காது. தப்பாகச் சொன்னால் பொறுக்காது. யாராவது மயில் கழுத்து கலரைப் பச்சை என்று சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து திருத்துகிற ஆள். நான் முழுக்க முழுக்கத் தப்பாகச் சொல்லப் போகிறேன், தாங்க முடியாமல் வாயைத் திறந்துதான் தீர வேண்டும் என்று நினைத்தேன்.

அரங்கத்தில் ஏசி, கண்ணைக் குத்தும் விளக்கு, ஒவ்வொரு பாயிண்டுக்கும் பாட்டு. அவருடைய இடதுபக்கம் நான் உட்கார்ந்தேன், எலக்ட்ரீஷியன் பின்வரிசையில். ஆட்டம் தொடங்கியதும் நான் தொடங்கினேன். "அது பேக்ஹேண்டுதானே?" என்று ஃபோர்ஹேண்டைச் சொன்னேன். "இவன் சும்மா பந்தத் தள்ளி விடறான், சுத்தவே இல்ல" என்றேன். வலையில் அடித்தவனைப் பார்த்து, "ச்சே, இதுக்கு நம்ம கிளப் ஆளுங்களே தேவல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். சாரி என்றார். இல்லை என்று சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விடவில்லை. "ஏன், நான் சொன்னது சரிதானே? அந்த நீலச் சட்டைதானே பாயிண்ட் எடுத்தான்? எப்படி சர்வீஸ் போட்டான், முன்பக்கமா சுத்தற டாப்பு ஸ்பின்னுதானே? சொல்லுங்க, தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க." என் குரல் ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். அவர் முகம் சிவந்து, உதடு இழுத்துக்கொண்டு, சாரி சாரி சாரி என்று மூச்சு முட்டியது. இதோ வந்துவிடும் வந்துவிடும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. "வாயத் தொறங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினார். அழுத்திப் பொத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கிற கை என் வாய்மேல் இருந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, இனி வராது என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. சுற்றிலும் ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை என் வாயிலிருந்து எடுத்தார். என் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். பாசத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். மேடையில் சர்வீஸ் போட்டார்கள். அவர் விரல் என் உள்ளங்கையில் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிப் பக்கம் விருட்டென்று ஓடியது. அடுத்த பந்துக்கு ஓரமாக வளைந்து போனது. அதற்கடுத்த பந்து மெதுவாக வந்தது, அவர் நகம் என் விரல்நுனியிலிருந்து பின்னோக்கி மணிக்கட்டுக்கு வழித்துக்கொண்டு வந்தது. மேடையில் அந்தப் பந்தை வாங்கியவன் வலையில் அடித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கட்டு. அவர் பந்து எப்படிச் சுழல்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல் ஓடுகிற பக்கத்தை வைத்து, இந்தப் பந்து விழும், இது எகிறும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அவர் காதுக்குள் சொன்னபோது புரியாத ஆட்டம், அன்று புரிந்தது. கடைசி கேமில் ஒருவன் ஓங்கி அடித்த பந்து வலையின் மேல் பட்டுத் தயங்கி அந்தப் பக்கம் விழுந்தது. அடித்தவன் கையைத் தூக்கினான். அதே நேரத்தில் என் பக்கத்தில் இவரும் இடது கையைத் தூக்கினார்.

"சாரி" என்றார்.

பின்வரிசையிலிருந்து எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில், "பரவால்ல மாமா" என்றார். சொல்லிவிட்டு அவரே விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டார். நான் அழவில்லை. எத்தனையோ மாதமாக இடம் தெரியாமல் அலைந்துகொண்டிருந்த அந்தச் சொல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்ததை நான் கேட்டேன்.

அந்த வாரம் அடையாறுக்குப் போகும்போது எனக்குப் பரபரப்பாக இருந்தது. அந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உள்ளங்கையைக்கூட விரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இவரிடம் அட்டைகளைக் காட்டினார். வாழைப்பழம், நாற்காலி, குடை. சாரி, சாரி, சாரி.

அந்த அம்மா அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தார். "மேடம், நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க. சார் சந்தோஷமா இருக்காரு, அதுதான முக்கியம். இனிமே வாராவாரம் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். வீட்லயே பண்ணுங்க. எப்பவாச்சும் தோணுச்சுன்னா ஒரு ஃபோன் பண்ணிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எவ்வளவு மெதுவாகச் சொன்னார்! கைவிட்டுவிட்டார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் மேலும் ஏதோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி எங்கே போவேன், யாரிடம் கேட்பேன் என்று மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜைக்கு அடியில் என் கையை யாரோ இழுத்தார்கள். இவர்தான். முகம் அந்த அம்மாவையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் என் உள்ளங்கையில், விரல்நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, பின்னோக்கி, மெதுவாக வழித்துக்கொண்டு வந்தது.

நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா பயந்துபோய், "என்னாச்சு மேடம்?" என்று எழுந்துவிட்டார்.

நான் இன்னொரு கையைத் தூக்கினேன்.

"சாரி" என்றேன்.